குடும்பச் சூழ்நிலை காரணமாக

அத்தான் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். முகத்தில் பரிசு வாங்கப் போகிறவரின் களை.

"படிச்சுப் பாரு. ஒரு குறை சொல்ல முடியாது."

அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். தங்கள் மேலான நிறுவனத்தில் பணியாற்றுவதைப் பெரும் பேறாகக் கருதுகிறேன் என்று தொடங்கியது கடிதம். எந்தச் சூழலிலும் அனுசரித்துப் போகும் இயல்புடையவள் என்று இரண்டாவது வரி. முந்தைய பணியிலிருந்து குடும்பச் சூழ்நிலை காரணமாக விலகினேன் என்று மூன்றாவது. கனரக வாகனங்களை வெயில் மழை பாராது ஓட்டுவதில் பத்தாண்டு அனுபவம் உண்டு என்று முடிந்திருந்தது.

"நான் எப்ப அத்தான் லாரி ஓட்டினேன்?"

அத்தான் குனிந்து பார்த்தார். "அட, அது ஒரு டிரைவருக்கு அடிச்சது. விட்டுப்போச்சு." ஒரு தட்டு தட்டினார், லாரி போயே போய்விட்டது. "இப்ப சரியா?"

"மத்ததும் அந்த டிரைவருக்கு அடிச்சதுதானா?"

"மத்தது எல்லாருக்கும் பொது" என்றார் அத்தான், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

அத்தான் என்றால் அவளுடைய அக்காவின் கணவர். பன்னிரண்டு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வட்டாரத்தில் வேலை தேடுகிறவர்கள் எல்லாரும் முதலில் ஏறுவது அந்தக் கடைப் படியைத்தான். கம்ப்யூட்டரில் அவர் ஒரே ஒரு கடிதம் வைத்திருக்கிறார். சமையல்காரருக்கும் அதுதான், கணக்கருக்கும் அதுதான், காவலாளிக்கும் அதுதான். பெயரும் தொழிலும் மாறும், பேறாகக் கருதுவதும் அனுசரித்துப் போவதும் மாறாது. தொடர்பு எண் என்ற இடத்தில் கடையின் எண்ணே இருக்கும், ஏனென்றால் பாதிப் பேருக்கு எண் அடிக்கடி மாறும். அந்த லாரி டிரைவர் இன்னும் வாரா வாரம் வந்து இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போகிறார். கடிதம் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது.

அவளுக்கு மட்டும் இதை ஏன் விழுங்க முடியவில்லை என்று கேட்டால், அவளைத் தெரிந்தவர்கள் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த அவளுக்கு அங்கே வைத்த பெயர் கறாரம்மா. வைத்தவர்கள் வைதுதான் வைத்தார்கள். அவள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள்.

வேலை கிருமி நீக்கப் பிரிவில். தரைக்குக் கீழே ஒரு தளம், ஜன்னல் கிடையாது. மேலே அறுவை சிகிச்சைக்குப் பயன்பட்ட கத்தியும் கத்தரியும் இடுக்கியும் அங்கே இறங்கி வரும். கழுவி, எண்ணி, துணியில் பொட்டலம் கட்டி, ஆட்டோகிளேவ் என்கிற ஆளுயர இயந்திரத்தில் அடுக்கி, நீராவியில் அவித்து மேலே அனுப்ப வேண்டும். பொட்டலத்தின்மேல் ஒட்டும் நாடாவில் வெளிறிய கோடுகள் இருக்கும். சூடு பட்டால் அவை கறுக்கும். கறுத்தால் ஆயிற்று என்பது ஊர் வழக்கம். கறாரம்மா வழக்கம் வேறு. வெளியே கறுத்தால் பொட்டலம் சூடு கண்டிருக்கிறது, அவ்வளவுதான். நீராவி துணி மடிப்புகளைத் தாண்டி நடுவரைக்கும் போனதா என்பதை உள்ளே வைக்கும் சின்னக் காகிதப் பட்டைதான் சொல்லும். அதனால் ஒவ்வொரு லோடிலும் அடித்தட்டில் ஒரு சோதனைப் பொட்டலம் வைப்பாள். அதைத் தன் கையால் பிரித்துப் பட்டையைப் பார்க்காமல் ஒரு பொட்டலத்தையும் மேலே விட மாட்டாள்.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் லோடு. இருபத்திரண்டு பொட்டலங்களிலும் வெளிக்கோடு கறுகறுவென்று இருந்தது. சோதனைப் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்பட்டை போனபடியே வெளிறிக் கிடந்தது. லோடை நிறுத்தினாள்.

மேலே ஒன்பது மணிக்கு ஒருவருக்கு மூட்டு மாற்ற வேண்டும். ஒன்பதேகாலுக்கு ஆபரேஷன் தியேட்டர் மேலாளர் மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

"கோடு கறுத்திருக்கே. அனுப்பு."

"உள்ள கறுக்கல சார்."

"மேலே பெரிய டாக்டர் கையக் கழுவிட்டு நிக்கிறார்."

"இன்னொரு தடவ கழுவச் சொல்லுங்க. தண்ணி வருதே."

சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டாள். சொன்ன வாயோடு பொட்டலங்களை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியையும் பையில் போட்டுக்கொண்டாள். துணியைப் பிரித்து, மறுபடி கட்டி, அடுத்த இயந்திரத்தில் அவித்து அனுப்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான்காம் நாள் அவள் கைக்கு உத்தரவு வந்தது. மேலதிகாரியின் கட்டளையை மீறியமைக்காகப் பணிநீக்கம். அடுத்த வாரம் மெக்கானிக் வந்து அந்த இயந்திரத்தில் காற்றை வெளியேற்றும் வால்வு தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்து மாற்றிவிட்டுப் போனார். கூட வேலை பார்த்தவள் ஒருத்தி அதைப் போனில் ரகசியமாகச் சொன்னாள். எந்த ஃபைலிலும் யாரும் அதை எழுதவில்லை.

ஊரில் இந்தப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிகள் மூன்றே மூன்று. ஒன்று துரத்திவிட்டது. இன்னொன்றில் இருக்கிறவர்கள் ஓய்வு பெறும்வரை இடமில்லை. மூன்றாவது ஆஸ்பத்திரி புதுக் கட்டடம் திறக்கிறது, பிரிவுக்குப் பொறுப்பாளர் வேண்டும், ஒரே இடம். விண்ணப்பத்தோடு கடிதம் கட்டாயம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. இதுவும் போனால் நாற்பத்தாறு வயதில் கற்ற தொழிலை மூட்டை கட்டிப் பரணில் போட வேண்டியதுதான். அந்தப் பயம் அவளுக்கு இருந்தது. அதற்காக அனுசரித்துப் போகும் இயல்புடையவள் என்று எழுத முடியுமா? படிக்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா?

"அத்தான், அந்தக் குடும்பச் சூழ்நிலைய எடுங்க. என் குடும்பம் என்ன பாவம் பண்ணிச்சு? அவங்களால நான் ஒரு நாள் லீவு போட்டதில்ல."

"வேற என்ன எழுதறது? துரத்திட்டாங்கன்னா?"

"துரத்தினாங்கதானே."

அத்தான் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். "கடிதத்தோட வேலை கதவத் திறக்கிறது. உள்ள போனதுக்கப்புறம் உன் சாமர்த்தியத்தக் காட்டிக்கோ. வாசல்லயே நின்னு என்னத் துரத்திட்டாங்கன்னு கத்தினா எவன் உள்ள விடுவான்?"

அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. கடைக்குப் பின்னால்தான் வீடு. உள்ளேயிருந்து அக்காவும் வந்து சேர்ந்துகொண்டாள்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்றாங்க. ஒரு பொய் சொல்லி ஒரு வேலை வாங்கிக்கக் கூடாதா நீ?"

"பண்ணிக்கிட்டவங்க கதியத்தான் பார்க்கிறோமே அக்கா."

அத்தான் இருமினார். கறாரம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இத அனுப்பாதீங்க. நானே எழுதிக்கிறேன்."

எழுதுவது அவள் நினைத்த மாதிரி இல்லை. கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருந்தது. முதல் நாள் அத்தானின் கடிதத்தையே கொஞ்சம் மாற்றி எழுதிப் பார்த்தாள். பேறு, வாய்ப்பு, ஆவல் என்று வார்த்தைகள் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றன. கிழித்தாள். இரண்டாம் நாள் மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினாள். மூன்று பக்கம். பெரிய டாக்டரை நார் நாராகக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தாள். தானே இரண்டு தடவை படித்து ரசித்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவர் மாலை வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கொடுத்தாள். அவர் நின்றபடியே முழுதும் படித்தார்.

"நல்லாத்தான் திட்டியிருக்கே" என்றார். "ஆனா இதப் படிக்கப் போறது அந்த டாக்டர் இல்லையே. இவங்க உனக்கு என்ன பண்ணினாங்க?"

அவளுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம் அவரோடு பேசவில்லை. அப்புறம் மூன்று பக்கத்தையும் கிழித்தாள், மனசே இல்லாமல்.

மூன்றாம் நாள் முழுக்க ஒன்றும் எழுதவில்லை. நான்காம் நாள் காலை பாத்திரம் துலக்கும்போது உறைத்தது. பத்தொன்பது வருஷமாகத் தினமும் எழுதிக்கொண்டுதானே இருந்தாள்? லோடு பதிவேட்டில். என்ன உள்ளே போனது, என்ன வெளியே வந்தது, என்ன பார்த்தோம், என்ன செய்தோம், யார் கையெழுத்து. அழகாக எழுது என்று பதிவேடு யாரையும் கேட்டதில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரத்தில் ஒரே பக்கத்தில் முடித்தாள்.

‘கிருமி நீக்கப் பிரிவுப் பொறுப்பாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். இதே வேலையில் பத்தொன்பது வருடம் இருந்திருக்கிறேன். நாளுக்கு எட்டு லோடு.

ஒவ்வொரு லோடிலும் அடித்தட்டில், வடிகால் ஓரத்தில், ஒரு சோதனைப் பொட்டலம் வைப்பேன். அதை என் கையால் பிரித்து உள்பட்டையைப் பார்க்காமல் எதையும் மேலே அனுப்பியதில்லை.

என்னைப் பணிநீக்கம் செய்தார்கள். காரணம் இது. ஒரு நாள் முதல் லோடில் வெளிக்கோடு கறுத்திருந்தது, உள்பட்டை மாறவில்லை. இருபத்திரண்டு பொட்டலங்களை நிறுத்தினேன். அனுப்பச் சொன்ன உத்தரவை மீறினேன். அறுவை சிகிச்சை இரண்டு மணி நேரம் தாமதமானது. அப்போது நான் பேசிய விதம் தவறு. நிறுத்தியது தவறில்லை.

எனக்கு நற்சான்று தர யாரும் இல்லை. அன்று மேசையில் படுத்திருந்தவர் தரலாம். அவருக்கு என்னைத் தெரியாது.

உங்கள் கட்டடத்தில் புது ஆட்டோகிளேவ் இரண்டு இருப்பதாக விளம்பரத்தில் பார்த்தேன். நல்ல இயந்திரங்களாகத்தான் இருக்கும். அப்படியும் நான் பிரித்துப் பார்ப்பேன். அதற்குச் சம்மதம் என்றால் கூப்பிடுங்கள்.’

கீழே கையெழுத்தும் தன் போன் எண்ணும் போட்டாள். யார் கையிலும் கொடுத்தனுப்பாமல் தானே பஸ் ஏறிப் போய், ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரையும் குத்தி வாங்கி வந்தாள்.

ஆறாம் நாள் அத்தான் ஸ்கூட்டரை வாசலில் போட்டுவிட்டு ஓடிவந்தார். பல்லெல்லாம் வெளியே தெரிந்தது.

"இன்டர்வியூக்குக் கூப்பிட்டுட்டாங்க. வியாழக்கிழமை பத்து மணி. இப்பத்தான் போன் வந்துச்சு."

"யாருக்கு வந்துச்சு?"

"எனக்கு."

"என் கடிதத்துல என் நம்பர்தானே போட்டிருந்தேன். உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

பல் உள்ளே போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் அத்தான் கெட்டிக்காரர்தான், ஆனால் பூசணிக்காயைக் கையிலேயே தூக்கிக்கொண்டு வந்து நின்றால் என்ன செய்வது? அவள் கடையை விட்டுப் போன அன்றைக்கே அவர் தன் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்.

"உன் நல்லதுக்குத்தான் பண்ணினேன்" என்றார். "நீ ஏதாவது ஏடாகூடமா எழுதி அனுப்பிடுவேன்னு பயம்."

அவள் அவரைப் பேசிய பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்டது. இருபத்தைந்து வருஷ மரியாதை அத்தனையும் ‘ங்க’ விகுதியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தான் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கடைசியில் நிமிர்ந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"திட்டு, பரவால்ல. ஆனா கூப்பிட்டது எந்தக் கடிதத்தப் பார்த்துன்னு ஒரு நிமிஷம் யோசி."

அவர் போன பிறகும் அந்த வார்த்தை போகவில்லை. அவளுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. தன் கடிதத்தை யாரும் படிக்காமலே குப்பையில் போட்டிருந்தால்? குடும்பச் சூழ்நிலைதான் கதவைத் திறந்திருந்தால்? அத்தான் சொன்னதே சரி என்று ஆகிவிடுமே. வேலை கிடைக்காதோ என்பதைவிட அதுதான் அவளை அதிகமாக அரித்தது.

வியாழக்கிழமை. புதுக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பெயின்ட் வாடை. நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை, உட்கார்ந்தால் சத்தம் போட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் நிர்வாக மேலாளர், முழுக்கைச் சட்டை, கையில் நல்ல பேனா. இன்னொருவர் தலைமை நர்ஸ், ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், நகத்தை ஒட்ட வெட்டியிருந்தார். கறாரம்மா முதலில் பார்த்தது அந்த நகங்களைத்தான். மனசு கொஞ்சம் அடங்கியது.

மேசைமேல் இரண்டு கடிதங்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"உங்க பேர்ல ரெண்டு கடிதம் வந்திருக்கு" என்றார் மேலாளர். "ஒண்ணுல குடும்பச் சூழ்நிலை. ஒண்ணுல பணிநீக்கம். எது நீங்க?"

"ரெண்டாவது."

"அப்ப இது?" முதல் கடிதத்தைத் தட்டினார். "இதுல இருக்கிற போன் நம்பர்ல எங்களுக்கு இந்த மாசம் ஒம்போது விண்ணப்பம். சமையல், செக்யூரிட்டி, ஆம்புலன்ஸ் டிரைவர். ஒம்போது பேருக்கும் குடும்பச் சூழ்நிலை."

"அந்தக் கடையில அது ஒண்ணுதான் சார் கிடைக்கும்."

தலைமை நர்ஸ் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"எழுதினவர் என் அக்கா வீட்டுக்காரர்" என்றாள் கறாரம்மா. "எனக்குத் தெரியாம அனுப்பிட்டார். மனுஷன் நல்லவர். எழுதினது பொய்."

தலைமை நர்ஸ் நிமிர்ந்தார். "அடித்தட்டுல, வடிகால் ஓரத்துலன்னு எழுதியிருக்கீங்க. ஏன், நடுத்தட்டுல வெச்சா என்ன?"

"நடுத்தட்டுல வெச்சா எப்பவும் பாஸ் ஆகும் மேடம். மெஷின்ல சூடு கடைசியாப் போய்ச் சேர்ற இடம் வடிகால் ஓரம். அங்க மாறிச்சுன்னா எல்லா இடத்துலயும் மாறியிருக்கும். பாஸ் ஆகற இடமாப் பார்த்து வெச்சா அதுக்குப் பேரு சோதனை இல்ல."

அப்புறம் ஒரு இருபது நிமிஷம் மேலாளர் என்று ஒருவர் அறையில் இருப்பதே இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது. ஈரப் பொட்டலம், கத்தரியின் துருப்பிடித்த கீல், துணியை எத்தனை தடவை துவைத்த பிறகு ஒதுக்க வேண்டும் என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. ஏழு மாதம் கழித்துத் தன் தொழில் பாஷையை வாய்விட்டுப் பேசுகிறோம் என்று கறாரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேலாளர் கனைத்தார்.

"மேடத்துக்கு உங்களப் பிடிச்சிருக்குன்னு தெரியுது. எனக்கும் ஆட்சேபணை இல்ல. ஆனா பணிநீக்கம்னு ஃபைல்ல இருந்தா மேலிடத்துல கையெழுத்து ஆகாது. அதுக்கு ஒரு வழி இருக்கு." முதல் கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "இத ஃபைல்ல வெச்சுடறேன். கையெழுத்து இல்லாம இருக்கு, போட்டுடுங்க. திங்கக்கிழமையே சேர்ந்துக்கலாம். ரெண்டாவது கடிதம் நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும்."

பேனாவையும் நீட்டினார். வாங்கிக்கொண்டாள்.

வாங்கிக்கொண்டாள் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஏழு மாதம் ஏழு மாதம்தான். பேனா கையில் கனமாக, வழவழவென்று இருந்தது. உண்மை இவர்களுக்குத் தெரியும். யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு காகிதம், ஒரு ஃபைல், ஒரு கையெழுத்து, அவ்வளவுதானே? இதனால் யார் செத்துப்போகப் போகிறார்கள்? தலைமை நர்ஸைப் பார்த்தாள். அவரும் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா முனையை வைத்தவள், எடுத்துவிட்டாள்.

"சார், ஒண்ணு சொல்லட்டுமா? மெஷின்னு இருந்தா ஒரு நாள் கோளாறு வரும். இங்கயும் வரும். உள்பட்டை மாறாது. நான் நிறுத்துவேன். மேலேருந்து சத்தம் வரும். அப்ப இந்த ஃபைல எடுப்பீங்க. ஏம்மா, நீயே பொய்க் கையெழுத்துப் போட்டு உள்ள வந்தவ, நீ பார்த்தேன்னு சொல்ற பட்டைய நாங்க ஏன் நம்பணும்னு கேப்பீங்க. நீங்க கேக்க மாட்டீங்க. உங்களுக்கப்புறம் இந்த நாற்காலிக்கு வர்றவர் கேப்பார். நான் என்ன பதில் சொல்றது?"

மேலாளர் ஏதோ சொல்ல வந்தார். அவள் விடவில்லை.

"படிப்புன்னு பார்த்தா எனக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. சிபாரிசுக்கு ஆள் இல்ல. பட்டை மாறலேன்னு நான் சொன்னா மாறலேன்னு அர்த்தம், அது ஒண்ணுதான் என் கையில இருக்கு. அத இந்த மேசையிலயே கொடுத்துட்டுக் கீழ போய் நான் எந்தத் தைரியத்துல ஒரு லோட நிறுத்துவேன்? பொட்டலம் மடிக்க ஆள் வேணும்னா நூறு பேர் கிடைப்பாங்க சார்."

பேனாவின் மூடியை மாட்டி மேசையில் வைத்தாள். "ரெண்டாவது கடிதத்த ஃபைல்ல வெச்சு வேலை கொடுக்க முடிஞ்சா கொடுங்க. முடியாதுன்னா ரெண்டையும் திருப்பிக் கொடுங்க."

"கோபப்பட்டு எதையும் முடிவு பண்ணாதீங்க."

"கோபம் இல்ல சார். கோபமா எழுதினது மூணு பக்கம், அத வீட்டுலயே கிழிச்சுப் போட்டாச்சு."

"அப்ப கஷ்டம்தான்" என்றார் மேலாளர், பேனாவைச் சட்டைப்பையில் செருகியபடி.

தலைமை நர்ஸ் முதல் கடிதத்தை எடுத்து இரண்டாக மடித்து அவளிடம் கொடுத்தார். "இது உங்க அத்தான் கடைச் சரக்கு." இரண்டாவதைக் கொடுக்கவில்லை. உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டார்.

படி இறங்கும்போது கறாரம்மா மடித்த கடிதத்தைப் பையில் திணித்தாள். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்று சொல்லி வைத்தவர்கள் ஏழு மாதம் வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். பயம் இருந்தது. ஆனாலும் திரும்பிப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு படியில்கூடத் தோன்றவில்லை.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் பண்ணிக்கிட்டியேடி." கணவர் மட்டும் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "பேனாவ வாங்கினியா?" என்றார். வாங்கினேன் என்றாள். "அப்புறம் வெச்சுட்டே. சரி" என்று சாப்பிட உட்கார்ந்தார்.

ஒன்பது நாள் ஆயிற்று. போன் இல்லை, கடிதம் இல்லை. பத்தாம் நாள் காலை கறாரம்மா தன் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். மடித்து வைத்திருந்த முதல் கடிதத்தையும் எடுத்து அத்தான் மேசையில் போட்டாள்.

"இந்தாங்க உங்க சரக்கு. இது என்னோடது, இருபது காப்பி போடுங்க. பக்கத்து ஊர், அடுத்த ஊர்னு எங்கெல்லாம் ஆஸ்பத்திரி இருக்கோ அங்கெல்லாம் அனுப்பப் போறேன்."

"இதே கடிதமா? துரத்தினத வெச்சா?"

"அதேதான். ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

அத்தான் பெருமூச்சு விட்டபடி காகிதத்தை இயந்திரத்தில் வைக்கப் போனார். வைக்காமல் நின்று படித்தார். அந்தக் கடிதத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. படித்து முடித்து, மறுபடி மேலேயிருந்து படித்தார்.

"என்னம்மா இது. கதவத் தட்டுவேன்னு பார்த்தா சுவத்தையே இடிச்சிருக்கே."

"காப்பி போடுங்க அத்தான்."

இயந்திரம் ஓடத் தொடங்கியது. நான்கைந்து பிரதி வந்திருக்கும், கடைப் போன் அடித்தது. அத்தான் கடைக்குரலில் வணக்கம் சொன்னார். அந்தப் பக்கத்துக் குரல் கண்டிப்பாக, இயந்திரச் சத்தத்தையும் மீறி அவளுக்கே கேட்டது.

"புது ஆஸ்பத்திரிலேருந்து தலைமை நர்ஸ் பேசறேன். கடிதம் ஃபைலோட மேலிடத்துல இருக்கு, எங்க கம்ப்யூட்டர்ல இருக்கிறது இந்த நம்பர்தான், இதுல ஒம்போது பேர் இருக்காங்க. எனக்கு ரெண்டாவது கடிதம் எழுதினவங்க வேணும்."

அத்தான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் நீட்டினார். "உனக்குத்தான்."

"சொல்லுங்க மேடம்."

"மேலிடத்துல கையெழுத்து வாங்க இத்தன நாள் ஆயிடுச்சு. உங்க கடிதத்த அப்படியே ஃபைல்ல வெச்சாச்சு. திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு வந்துடுங்க. மெஷின் ரெண்டும் ரெடி, ஆனா உள்பட்டை இன்னும் வாங்கல. எது வேணும்னு வந்து சொல்லுங்க."

"சரி மேடம்" என்றாள். போனை மேசையில் வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தான் பார்க்காத மாதிரி இயந்திரத்தை நிறுத்தினார்.

"மிச்சக் காப்பி வேணாமில்ல?" என்றார் அவர்.

"வேணாம்." வந்திருந்த பிரதிகளை அடுக்கி வைத்தாள். "அத்தான், அந்த லாரி டிரைவர் எதுக்கு வேலைய விட்டார்?"

அத்தான் யோசித்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார், அதில் பதில் இருக்கிற மாதிரி. "குடும்பச் சூழ்நிலைன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "கேட்டதில்லம்மா."

"இந்த வாரம் வருவார்ல? கேளுங்க."